ஞாயிற்றுக்கிழமை தைத்த ஆறு கோட்டுகள்

என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா எப்போது என்பது பிள்ளைகளுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தெரியும். பெற்றோருக்கு இரண்டு நாள் முன்னால் தெரியும். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ராணிப்பேட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கலவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது டீச்சரின் வாட்ஸப் செய்தி வந்தது. திங்கட்கிழமை விழா. பதினொன்றாம் வகுப்பில் ஆறு பேர் ரெட்ரோ டான்ஸ் ஆடுகிறார்கள். பெற்றோருக்குச் சிரமம் வேண்டாம், உடை குறைந்த செலவில் இருந்தால் போதும். அதற்குக் கீழே இன்னொரு வரி: கறுப்பு லெதர் கோட்டு கட்டாயம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"ரெட்ரோன்னா எய்ட்டீஸ்மா. உங்க காலம். அப்பல்லாம் லெதர் கோட்டு போட்டுக்கினுதான் பைக்ல சுத்துவாங்க."

எண்பதுகளில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, தான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒரே காலம்தான். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு எவனாவது பைக்கில் கிளம்பியிருந்தால் ஆற்காடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். சினிமாவில் சுற்றினார்கள், அதுவும் மலை மேல். இதையெல்லாம் சொன்னேன். அவள் காதில் விழவில்லை.

"ஆறு பேருக்கும் நீ தச்சுக் குடுப்பன்னு டீச்சராண்ட சொல்லிட்டேன். உனக்கு இன்னா கஷ்டம்? டெய்லி அதானே தைக்கிற?"

தைக்கிறேன்தான். பதினாறு வருடமாக, வெளிநாட்டுக்குப் போகும் லெதர் கோட்டுகளுக்குக் காலர் தைக்கிறேன். காலர் மட்டும். அது என் கையை விட்டுப் போனபிறகு எங்கே போய் உட்காருகிறது என்பது எனக்குத் தெரியாது. முழுக் கோட்டு ஒன்றை நான் தைத்ததும் கிடையாது, போட்டுப் பார்த்ததும் கிடையாது. எங்கள் தெருவில் அதே கம்பெனிக்குப் போகிறவர்கள் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி ஜிப் வைப்பாள். கை அக்கா, ஜிப் அக்கா என்றுதான் தெருவே அவர்களைக் கூப்பிடும். எங்கள் மூன்று வீட்டு பீரோவிலும் தேடினால் ஒரு லெதர் பர்ஸ்கூடக் கிடைக்காது.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் ஆற்காட்டில் இறங்கி, ஆட்டோ சீட் தைக்கும் கடையில் கறுப்பு ரெக்ஸின் கேட்டேன். கடைக்கார பாய், "எந்த வண்டிக்குமா?" என்றார்.

"வண்டிக்கு இல்ல பாய். ஆறு புள்ளைங்களுக்கு."

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுருளின் கடைசித் துண்டுகளைக் கம்மி விலைக்கே கொடுத்தார். பாவம் என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பிறகுதான் சங்கதி புரிந்தது. நான் காலரை முடித்துவிட்டு, உடம்பு வரட்டும் என்று காத்திருந்தேன். கை அக்கா கையை முடித்துவிட்டு, தோள் வரட்டும் என்று காத்திருந்தாள். ஜிப் அக்கா ஜிப்பை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்காக லைனில் உட்கார்ந்து பழகியவர்கள். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு யாரோ இருப்பார்கள் என்று உடம்பே நம்பிக்கொண்டிருந்தது. கம்பெனியில் தோளையும் பக்கத்தையும் இணைக்கிறவள் பாகாயத்திலிருந்து வருகிறவள். அவளுக்கு வீடியோ கால் போட்டோம். அவள் இட்லி ஊற்றிக்கொண்டே, எதன்மேல் எதை வைக்க வேண்டும் என்று சொன்னாள்.

வீட்டு மெஷினில் ரெக்ஸின் நகராது, அடியில் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவித் தூவி ஓட்டினோம். குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும் என்பதால், துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்தோம். ஆட்டோ சீட் மாதிரி பளபளக்கக் கூடாதே என்று, துண்டுகளை முந்தின ராத்திரியே கசக்கி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்திருந்தேன். முதல் கோட்டு முடிந்து ஆணியில் தொங்கியபோது மூன்று பேரும் எழுந்து போய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? இருட்டுவதற்குள் மற்ற ஐந்தையும் முடித்தோம்.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் எங்கள் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர். பள்ளிக்குக் கம்பெனி ஒரு குடிதண்ணீர்த் தொட்டி கொடுத்திருந்தது. தொட்டியைவிட அதில் ஒட்டிய பெயர்ப்பலகை பெரியது. தோல் தொழிலில் இருபது வருட அனுபவம் உள்ளவர் என்று மைக்கில் அவரை அறிமுகம் செய்தார்கள். பிள்ளைகள் ஆடினார்கள். கைதட்டல் ஓயவில்லை. பரிசு கொடுக்கும்போது அவர் என் மகளின் கோட்டுக் கையைக் கிள்ளிப் பார்த்தார். அதைத் தடவினார். யார் தைத்தது என்று கேட்டிருக்கிறார். இவளும் பல்லெல்லாம் தெரிய, "எங்கம்மா சார். உங்க கம்பெனிலதான் இருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். அவர் சிரிப்பு சுருங்கியது அங்கிருந்தே தெரிந்தது.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். புதன்கிழமை அந்தக் கோட்டோடு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. டிபன் பையில் கம்பெனி நூல்கண்டு ஒன்று கிடந்ததற்காக ஒருத்தியை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திய கம்பெனி அது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் கை அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. "என் பேரச் சொல்ல வாணாண்டி. ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான் சோறு" என்றாள். கோபித்துக்கொள்ள முடியவில்லை. எனக்கும் அது ஒன்றுதான்.

புதன்கிழமை அவர் அறையில் நின்றேன். கோட்டு மேஜை மேல் கிடந்தது.

"மெட்டீரியல் எங்கருந்து வந்துச்சு?"

"ஆற்காட்டுல சார். ஆட்டோ சீட் கடை."

"யார்கிட்ட கதை வுட்ற? இருபது வருஷமா தோலு பாக்கறேன். இது நம்ம ஆட்டுத்தோலு. கூட யார் யாரு?"

"நான் மட்டுந்தான் சார்."

"ஒரே ஆளு, ஒரே நாள்ல, ஆறு கோட்டா?"

"புள்ளைங்களுக்குன்னா முடியும் சார்."

உள்ளே ஒரு எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது. சாமி படத்துக்கு முன்னால் தீப்பெட்டி இருந்தது. "பத்த வச்சுப் பாத்துடுங்க சார்" என்றேன். தோல் கருகினால் முடி கருகுகிற வாடை வரும், ரெக்ஸின் என்றால் உருகிச் சொட்டும். கம்பெனியில் தரை கூட்டுகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்த சோதனை இது. அவர் தீக்குச்சியைக் கிழித்து ஓரத்தில் வைத்தார். ரெக்ஸின் சுருண்டு, உருகி, கறுப்பாக ஒரு சொட்டு அவருடைய கண்ணாடி மேஜையில் விழுந்து ஒட்டிக்கொண்டது. அறை முழுக்க பிளாஸ்டிக் நாற்றம். இருபது வருட அனுபவம் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தது.

"சரி சரி, போய் வேலையப் பாரு."

நான் நகரவில்லை. "கேட்ல புடிப்பாங்க சார். பாஸ் எழுதிக் குடுங்க."

அவர் எழுதினார். பழக்க தோஷம், 'லெதர் கோட்டு, ஒன்று' என்றே எழுதினார்.

"ரெக்ஸின்னு எழுதுங்க சார். எனக்குச் சொந்தம்னும் எழுதுங்க."

அடித்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. எரிந்த ஓரத்தை உள்ளே மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

வேலை விட்டதும் கேட்டில் வரிசை. கை அக்காவும் ஜிப் அக்காவும் எனக்குப் பின்னால் நின்றார்கள். அன்று முழுக்க இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் திறந்த செக்யூரிட்டி கோட்டை வெளியே எடுத்ததும் வரிசையே எட்டிப் பார்த்தது. பாஸை நீட்டினேன். அவர் அதை உரக்கப் படித்தார். "ரெக்ஸின் கோட்டு, ஒன்று. சொந்தப் பொருள்." நம்ப முடியாமல் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, அப்டியே நம்ம கம்பெனி கோட்டாட்டம் கீது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கை அக்காவின் குரல் வந்தது.

"கம்பெனி கோட்டையும் நாங்கதான்யா தைக்கிறோம்."