முகாம் கிளம்பாத ஏழு நாள்

1976 ஜூன், வியாழக்கிழமை, காலை ஆறு மணி. சிட்னியில் எங்கள் ஹோம்புஷ் வீட்டிலிருந்து புறப்பட்டபோது விடியவில்லை. என் கணவர் சிவநேசன் ஐந்தரைக்கே காரை இரைய விட்டுவிட்டார். மெல்பேர்ன் எங்கும் ஓடிப்போகாது என்றேன். அவர் காதில் விழவில்லை.

ஒன்பது வருடக் கலியாண வாழ்க்கையில் இது ஐந்தாவது ஊர் ஆகப் பார்த்தது. கொழும்பு, லுசாக்கா, பேர்த், சிட்னி; இப்போது மெல்பேர்னில் பாலம் கட்டும் கம்பனி ஒன்று இவரை வேலைக்குக் கேட்கிறது. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். எனக்கோ சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் அப்போதுதான் நிரந்தர வேலை கிடைத்திருந்தது. ஊருக்கு ஊர் முதலிலிருந்து தொடங்கித் தொடங்கி அலுத்த பிறகு, என் கைக்கு வந்த முதல் நிரந்தரம். "வந்து ஊரைப் பாரும் மலர், பிடிக்கும்" என்று கூட்டிப்போனார். பார்த்துவிட்டு, இந்த முறை வரமாட்டேன் என்று சொல்வதற்காகவே நான் போனேன்.

ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டரில் கோல்பேர்ன். தேநீர் ஒன்று இருபத்தைந்து சதம். கோப்பையை வைத்த பெண், "எங்கே இவ்வளவு அவசரம்?" என்று இவரைக் கேட்டாள், ஏனென்றால் இவர் நின்றுகொண்டே குடித்தார். கண்டகாயில் நிறுத்தவில்லை. ஆல்பரியில் இரவு தங்கினோம். வெறும் புல்வெளியும் செம்மறி ஆடுமாய் ஒரு முழு நாள். அதைப் பார்த்துப் பார்த்து நான் எனக்குள்ளே சண்டை பிடித்து, இவருடைய பதிலையும் நானே சொல்லித் தோற்றுக்கொண்டிருந்தேன்.

வெள்ளி மாலை நாலரைக்கு மெல்பேர்னின் கோல்ஃபீல்ட் பகுதியில் இவருடைய நண்பர் டேவிட்டின் வீட்டுக்கு வந்துசேர்ந்தோம். டேவிட் சிட்னியில் இவரோடு வரைபட அறையில் வேலை செய்தவர், யூதர். போன வருடம் மனைவி ஹன்னாவோடு இங்கே மாறி வந்தவர். "இருட்டுமுன் வந்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தார். சூரியன் மறைந்தால் சனி இரவுவரை அவர்களுக்கு ஓய்வு நாள். கார் இல்லை, தொலைபேசி இல்லை, மின்விசையைத் தொடுவதும் இல்லை. ஹன்னா மெழுகுதிரி ஏற்றிச் சிறிது நேரத்தில் இவர் தன் வேலையைக் காட்டினார். ஆளில்லாத இடத்தில் லைட் எரிந்தால் இவருக்குப் பொறுக்காது. நடையில் வேண்டுமென்றே எரியவிட்டிருந்த விளக்கைப் போகிற போக்கில் அணைத்துவிட்டார். திரும்பப் போட்டுத் தரச் சொல்வதும் அவர்களுக்கு ஆகாதாம். டேவிட் சிரித்தபடி "பரவாயில்லை, விடுங்கள்" என்றார். நாங்கள் நாலு பேரும் சுவரைத் தடவிக்கொண்டு படுக்கப் போனோம்.

சனி காலை ஒன்பது மணி. மழை தூறியது. கார் வாசலில் நிற்க, குடையும் இல்லாமல் தொழுகைக் கூடத்துக்கு அரை மணி நடை. ஓய்வு நாளில் குடை விரிப்பதும் அவர்களுக்குக் கூடாது; எங்களுக்கு மட்டும் விரிக்க மனம் வரவில்லை. இவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் ஹன்னாவோடு மேல்மாடியில் பெண்கள் பக்கம் இருந்தேன். கீழே தோல்சுருளை விரித்து இராகத்தோடு வாசித்தார்கள். தோரா என்னும் அவர்களுடைய வேதத்தை வாரத்துக்கு ஒரு பகுதியாக ஒரு வருடத்தில் வாசித்து முடிப்பார்களாம். ஹன்னா ஆங்கில மொழிபெயர்ப்பைத் தந்தாள். பொறுமை எனக்கு மட்டும் எங்கே இருக்கிறது? அவர்கள் பாதியில் நிற்க நான் அந்த வாரப் பகுதியைக் கடைசிவரை வாசித்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு, முதல் நாளே மெல்லிய சூட்டில் ஏற்றிவைத்த அவரை விதையும் உருளைக்கிழங்கும் இறைச்சியும். ஒரு கரண்டி மிளகாய்த்தூள் விழுந்திருந்தால் அமிர்தம். டேவிட் சொன்னார்:

"எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். இந்த வாரத்து வாசிப்பு உங்களுடைய இந்த வாரத்துக்கு என்ன சொல்கிறது? ஆளுக்கு ஒன்று சொல்லவேண்டும். விருந்தாளிக்கும் விலக்கில்லை."

ஹன்னா தொடங்கினாள். "எகிப்தில் அடிமைகளாய் இருந்து வெளியேறிய எங்கள் மக்கள், வனாந்தரத்தில் எகிப்தின் மீனையும் வெங்காயத்தையும் நினைத்து அழுகிறார்கள். நானும் சிட்னி மீன் கடையை நினைத்து டேவிட்டின் காதைத் தின்கிறேன். இனி நிறுத்துகிறேன்."

"அவர்களை நடத்திப்போகும் மோசே, இந்தச் சனத்தை என்னால் தனியாகச் சுமக்க முடியாது என்கிறார். நானும் வேலையிடத்தில் ஓர் உதவியாள் கேட்கப்போகிறேன்" என்றார் டேவிட்.

அடுத்தது இவர். முகம் மலர்ந்திருந்தது. "கடவுளின் கூடாரத்தின் மேலிருந்து மேகம் எழும்பினால் எல்லோரும் புறப்பட்டார்கள். ஓரிடத்தில் தங்கியது இரண்டு நாளோ ஒரு மாதமோ, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "கடைசிப் பக்கத்தையும் வாசித்திருக்கலாம்" என்றேன். "மோசேயின் அக்கா மிரியாமுக்குத் தோல் நோய் வந்து, ஏழு நாள் முகாமுக்கு வெளியே வைத்தார்கள். அவள் திரும்பிவரும் வரைக்கும் அந்த மக்கள் புறப்படவில்லை."

இவர் தமிழுக்கு மாறினார். "அவ தம்பியின்ர மனுசியைப் பற்றி வாய்க்காட்டினவ. அதுக்குத்தான் தண்டனை."

"வாய்க்காட்டினவளுக்கே ஆறு லட்சம் சனம் நிண்டது. நான் ஒண்டும் சொல்லாமல் நாலு ஊருக்குச் சாமான் கட்டினனான். எனக்கு ஆர் நிண்டது?"

குரல் உடைந்துவிட்டது. அந்நியர் வீட்டு மேசையில் அழுதுவிட்டோமே என்று வெட்கமாய் இருந்தது. ஹன்னாவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் எழும்பி வந்து என் தோளில் கையை வைத்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மாநில எல்லை ஆற்றைத் தாண்டினோம். ஹோல்புறூக்கில், நான் கேட்காமலே காரை நிறுத்தி இரண்டு தேநீர் வாங்கிவந்தார்.

"உமக்கு எத்தினை நாள் வேணும்?"

"நாளில்லை. ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமோ!"

"ஓம்."

தேநீரை நின்றுகொண்டே குடித்துவிட்டு இவர் காரை எடுத்தார். திங்கள் காலை மெல்பேர்னுக்குத் தொலைபேசி எடுத்து, வர வசதிப்படாது என்றார். வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். மெல்பேர்ன் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கோடு கிழித்ததுபோல் நேரான தெருக்கள், டிராம், மழை விட்ட பிறகு தெருவெல்லாம் ஈர இலை. சிட்னியில் மேடு ஏறி இறங்கியே கால் ஓய்கிறது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை.

மிரியாமுக்காக நின்ற ஏழு நாளும் அந்தச் சனம் என்ன செய்தது என்று புத்தகத்தில் இல்லை. எனக்கு இப்போது தெரியும். மாலையில் வேலை முடிந்து வந்தால் இவர் குசினிக்கும் வாசலுக்குமாய் நடக்கிறார். நல்லாயிருக்கிற குழாயைக் கழற்றிப் பூட்டுகிறார். நேற்றுப் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்:

"என்னப்பா, இன்னும் கோபமோ?"

"ஓம், கோபம்தான்" என்றார். "நிக்கிறன்தானே."