ஆணைக்கு வெளியே இருந்த வீடு

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. பேச்சு சுவரைத் தாண்டக் கூடாதென்று கூரையில் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து நாள் முழுக்க ஒரு மெல்லிய இரைச்சல் கொட்டிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் தலை வலித்தது. பிறகு அது மழையாகிவிட்டது. வெளியே வாஷிங்டன் ஆகஸ்டு வெயிலில் தார் உருகிக் கிடக்க, நாங்கள் மட்டும் ஓயாத மழைக்குள் உட்கார்ந்து அடுத்தவர் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தோம்.

என் எதிர் மேசை வெர்னல் காஸ்கின்ஸுடையது. வாஷிங்டனிலேயே அனகோஸ்டியா பகுதியில் பிறந்து வளர்ந்தவள். வேலையும் இதே ஊரில்தான், அரசு வக்கீல்களுக்குக் காகிதம் பிரித்துக் கொடுக்கும் வேலை. சிமென்ட் கம்பெனி வழக்கு, விமானக் கம்பெனி வழக்கு என்று பல வருடம் சலிக்காமல் செய்திருந்தாள். தேர்தலில் வெளிநாட்டார் தலையிட்டதை விசாரிக்கச் சிறப்பு வழக்கறிஞரை நியமித்தபோது, வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தேடினார்கள். அப்படித்தான் அவளும் வந்தாள், நானும் வந்தேன்.

நியமன ஆணை ஒரே ஒரு பக்கம். வெளிநாட்டு அரசு தேர்தலில் கைவைத்ததா, இங்கே யாராவது அதற்குத் துணைபோனார்களா என்று விசாரிக்கலாம். அந்த விசாரணையிலிருந்து நேரடியாக முளைப்பதையும் விசாரிக்கலாம். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகர வேண்டுமென்றால் நீதி அமைச்சகத்தில் போய்க் கேட்க வேண்டும். அந்த ‘நேரடியாக’ என்ற ஒரு சொல்லுக்காகவே மாடியில் பல வக்கீல்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் சல்லடை. ஒருவருடைய மின்னஞ்சல் பெட்டியை நீதிமன்ற உத்தரவோடு கைப்பற்றினால் முதலில் எங்களிடம்தான் வரும். உத்தரவுக்குள் அடங்குவதை மட்டும் பொறுக்கி விசாரணைக் குழுவுக்கு அனுப்புவோம். மனைவிக்கு எழுதியது, வைத்தியருக்கு எழுதியது எல்லாம் எங்களோடு நின்றுவிட வேண்டும். விசாரணைக் குழுவினர் அதே தளத்தில்தான் இருந்தார்கள். ஆனால் மின்தூக்கியில் பார்த்தால் வெயிலைப் பற்றி மட்டுமே பேசுவோம். யாருக்காவது பிறந்தநாள் வந்தால் கேக்கை இரண்டாக வெட்டி, பாதியைக் காவலாளி அந்தப் பக்கம் எடுத்துப்போவார். கூடி நின்று பாட முடியாது.

வெர்னலுக்கு வந்தது பிரெஸ்காட் லிண்டேல் என்பவனின் பெட்டி. தேர்தல் பிரச்சார ஆலோசகன். உள்ளூர்க்காரர்கள் நடத்துவதுபோல இணையத்தில் போலிப் பக்கங்கள் தொடங்க வெளிநாட்டாருக்கு வழிகாட்டினான் என்பது வழக்கு. அதைப் பற்றிய கடிதங்கள் சொற்பம். மற்றதெல்லாம் அவன் வாழ்க்கை. செசபீக் விரிகுடாக் கரையில் அப்பா விட்டுப்போன வீடு. நண்டு பிடிக்கும் கூடுகள். தங்கைக்கு ஞாயிறுதோறும் எழுதும் கடிதம். நன்றாக எழுதுவான், அதுதான் சிக்கல். ‘இன்று தண்ணீர் தட்டுபோல அசையாமல் கிடந்தது, படகை இறக்க மனசு வரவில்லை’ என்று எழுதியிருப்பான். வெர்னல் அதை ‘சம்பந்தமில்லை’ என்று குறித்து ஒதுக்குவாள். குறித்த பிறகும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தபடி இருப்பாள். மேலே இரைச்சல் பெய்துகொண்டிருக்கும். அவள் அந்தக் கரையில் இருப்பாள்.

கனவிலும் அந்த விரிகுடா வந்ததாம். படகில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான், தண்ணீரில் சத்தமே இருக்காது, கரை நகர்ந்துகொண்டே போகும். “திரும்பிப் பார்த்தானா?” என்று கேட்டேன். “பார்க்க மாட்டேங்கிறான். பார்த்தா நான் முழிச்சிடுவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

வீட்டில் இதைச் சொல்ல முடியாது. அவள் கணவன் ரூஃபஸ் மெட்ரோ ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் பின்கட்டுத் தக்காளிச் செடிக்கு வெர்னல் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாளாம்.

“இது யாரு சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டிருக்கிறார் ரூஃபஸ்.

“எங்கேயோ படிச்சேன்.”

“எங்கேயோன்னா எங்கே?”

லிண்டேல் தங்கைக்கு எழுதிய யோசனை அது. வெர்னல் இன்னொரு ஓட்டை நொறுக்கினாள்.

“சரிதான். என் பொண்டாட்டி மனசுல ஒரு ஆம்பளை புகுந்துட்டான். தோட்டக்காரன். வரச்சொல்லு, புல்லையும் வெட்டிட்டுப் போகட்டும்.”

மறுநாள் அவள் இதைச் சொன்னபோது இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு நின்றது. “உத்தரவுக்கு வெளியில இருந்ததை என் செடிக்குப் போட்டிருக்கேன் பாரு” என்றாள்.

செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது. லிண்டேலின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் டெலவேர் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் முதியோர் இல்லம் நடத்தினான். லிண்டேலும் அதில் ஒரு பங்குதாரன். வெளிநாட்டார் ஒருவரின் பெயர் அடியில் ஓரிடத்தில் வந்ததால் கணினி அதை வெர்னலின் முன் வைத்தது. அவள் மேலிருந்து படித்தாள். இன்சுலின் விலை ஏறிவிட்டது, பாதி அளவுதான் போடச் சொல்லியிருக்கிறேன், கிழவர்கள் கொஞ்சம் அதிகம் தூங்குகிறார்கள், அவ்வளவுதான் என்று அண்ணன் எழுதியிருந்தான்.

எங்கள் விதி தெளிவானது. உத்தரவில் அடங்குவதைத் தேடிப் படிக்கும்போது வேறொரு குற்றம் தானாகக் கண்ணில் பட்டால் அது பட்டதுதான். ஆனால் பட்ட கணமே கையை எடுத்துவிட வேண்டும். அடுத்ததைத் திறக்கக் கூடாது. திறந்தால் நீங்கள் தேர்தலைத் தேடவில்லை, ஆளைத் துழாவுகிறீர்கள் என்று ஆகிவிடும். புதிதாக வருபவர்களுக்கு இதை வெர்னல்தான் சொல்லிக்கொடுப்பாள்.

வெர்னல் அடுத்ததைத் திறந்தாள்.

லிண்டேல் அண்ணனைத் திட்டியிருப்பான் என்று நம்பினாள். தண்ணீரைப் பற்றி அப்படி எழுதுகிறவன், உடனே நிறுத்து என்று கத்தியிருப்பான், அதைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தாள். லிண்டேலின் பதில் இரண்டு வரி. ‘சரி. வினிஃப்ரெட் அத்தைக்கு மட்டும் முழு அளவு போடச் சொல்.’

நாற்காலி நகரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். வெர்னல் மேசையிலிருந்து தள்ளிப்போய்ச் சுவரோரம் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் கூப்பிட, எங்கள் குழுவின் வக்கீல் ஹாலிஸ் பிராண்ட்வோல்ட் வந்து முதல் கடிதத்தைப் படித்தார். மினசோட்டாக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும்.

“முதல் கடிதம் பிரச்சினை இல்லை, வெர்னல். அது நம்ம கண்ணுல தானா விழுந்தது. நாம விசாரிக்க முடியாது. முதியோர் இல்லத்துக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா அந்த ஊர் அரசு வக்கீல்களுக்கு அனுப்பலாம். நீங்க அதோட நிறுத்திட்டீங்கல்ல?”

அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஏற்கெனவே கோப்பை மூடிக்கொண்டிருந்தார். வெர்னல் தலையை ஆட்டியிருந்தால் போதும்.

“இல்லை ஹாலிஸ். அதுக்குப் பதிலையும் படிச்சேன்.”

பிராண்ட்வோல்ட் உட்கார்ந்தார். “ஏன்? எல்லாரையும் விட்டுட்டு நீங்களா?”

“அவன் நல்லவனான்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்தது.”

“அது நம்ம வேலை இல்லையே.”

“தெரியும்.”

“இதை நீதிபதிகிட்ட எழுதித்தான் ஆகணும். லிண்டேலோட வக்கீல் சும்மா இருக்க மாட்டாரு. எல்லை தாண்டிட்டாங்க, ரெண்டு கடிதத்தையும் யாரும் தொடக் கூடாது, மொத்த வழக்கையும் தூக்கிப் போடுங்கன்னு கேப்பாரு. மாடியில என்னை வறுத்தெடுக்கப் போறாங்க.”

“அதுக்குள்ள அந்த இல்லத்துல இருக்கிறவங்க?”

“நீதிபதி சொல்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய போகக் கூடாது.”

வெர்னல் எழுந்தாள். “அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன். அதுக்கு மேல நானே டெலவேருக்குப் போன் பண்ணிடுவேன். வேலை போனா போகுது.”

“அது என் காதுல விழலை.”

“விழலைன்னா இன்னொரு தடவை சொல்றேன்.”

“வேண்டாம், வெர்னல். தயவுசெஞ்சு” என்றார் பிராண்ட்வோல்ட்.

அன்றே அவளுடைய திரையை அணைத்துவிட்டார்கள். பதவியை எடுக்கவில்லை, பெட்டியை எடுத்துவிட்டார்கள். கோப்பு அட்டைகளுக்கு எண் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். அவள் ஒட்டினாள். என்னோடு சாப்பிட வந்தாள், எதையும் சாப்பிடவில்லை. அவள் போன் செய்தால் இல்லத்தில் யாரையாவது காப்பாற்றலாம். ஆனால் ரகசியத்தை வெளியே விட்டாள் என்று சொல்லி லிண்டேலின் வக்கீல் முதல் கடிதத்தையும் குப்பையில் போட வைத்துவிடலாம், அண்ணன் கையை வீசிக்கொண்டு போய்விடுவான். போன் செய்யாவிட்டால் ஒவ்வொரு காலையிலும் அங்கே பாதி அளவு ஊசி. அவள் இதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை சொன்னாள்: “நான் ரெண்டாவதைத் திறக்காம இருந்திருந்தா முதல் கடிதம் அன்னிக்கே டெலவேருக்குப் போயிருக்கும், டெல்மா. என் ஆசை அவங்க ஊசியில நிக்குது.”

வீட்டில் ரூஃபஸ் கேலியை விட்டுவிட்டாராம். தினமும் மாலை அவளைக் காரில் ஏற்றி ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டுவார். எங்கே, ஏன் என்று பேச்சில்லை. ஆற்றின் மேல் விமானங்கள் தாழ இறங்கும், விளக்குகள் ஒன்றொன்றாக வரும். அவள் கண்ணாடியில் தலை சாய்த்துக்கொள்வாள். அந்த நாட்களில் கனவே வரவில்லை என்றாள். படகு இல்லை, கரை இல்லை, வெறும் வெள்ளை.

அவள் கெடு வைத்த வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், நீதிபதியின் உத்தரவு வந்தது. முதல் கடிதம் நல்லெண்ணத்தோடு தேடியபோது கண்ணில் பட்டது, அதை டெலவேர் அதிகாரிகளிடம் கொடுக்கலாம். இரண்டாவதைத் திறக்க அதிகாரம் இல்லை. அதை முத்திரை வைத்து மூட வேண்டும். அதை வைத்து எவரும், எந்த வழக்கிலும், லிண்டேலைக் கேள்வி கேட்கக் கூடாது. யாருமே படிக்காததாகக் கொள்ள வேண்டும்.

பிராண்ட்வோல்ட் வந்து சொன்னார். “ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அனுப்பியாச்சு. தேர்தல் வழக்குக்கும் சேதமில்லை.”

“அப்போ லிண்டேல்?”

“அவன் அந்தக் கடிதத்தைப் படிச்சான்னு காட்ட நம்மகிட்ட எதுவும் இல்லை.”

வெர்னல் கைப்பையைத் திறந்து, காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்த சாண்ட்விச்சை எடுத்துத் தின்னத் தொடங்கினாள்.

அதன் பிறகு எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. நம் கையை விட்டுப் போன விஷயம் எப்படி முடிந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்கக் கூடாது. வெர்னல் அந்தக் குளிர்காலத்தோடு வேலையை விட்டாள்.

அடுத்த வருடம் லிண்டேல் தேர்தல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்லும் நாளில் பொதுமக்கள் இருக்கையில் போய் உட்கார அவளுக்குத் தடை ஏதும் இல்லை. என்னையும் அழைத்தாள். முதல் தடவையாக அவனைப் பார்த்தோம். முதுகைத்தான் பார்த்தோம். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் வெயில் பட்ட சிவப்பு. அவனுடைய வக்கீல் அவன் எவ்வளவு குடும்பப் பாசம் உள்ளவன் என்று வாசித்தார். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவியைக் காட்டி, “இந்த வயதிலும் இவர் இவ்வளவு தெம்பாக இருப்பதற்குக் காரணம், இவருடைய ஒவ்வொரு வேளை மருந்திலும் பிரெஸ்காட் காட்டிய அக்கறை” என்றார்.

வெர்னலின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. எழுந்து எதையும் சொல்ல முடியாது, யாருமே படிக்காத கடிதம் அது. நீதிபதி சில மாதச் சிறை என்றார். அவன் ஒரு தடவை திரும்பினான். சாதாரண முகம்.

மின்தூக்கியில் அந்தக் கிழவியைத் தள்ளிக்கொண்டு ஒரு காவலாளி ஏறினார். நாங்களும் இருந்தோம்.

“நீங்க எங்க குடும்பமா, கண்ணு?” என்று வெர்னலைக் கேட்டார் வினிஃப்ரெட் அத்தை.

“இல்லம்மா. சும்மா பாக்க வந்தோம்.”

“சும்மா பாக்க இது சர்க்கஸா? போனாப் போகுது, வந்ததுக்கு நன்றி. என் மருமகனுக்கு இன்னிக்கு ஆளே இல்லை.”

“உடம்பு எப்படி இருக்கும்மா உங்களுக்கு?”

“எனக்கு எப்பவும் குறையில்லை. மத்தவங்கதான் பாவம், பகல்லயே சுருண்டு கிடப்பாங்க. போன வருஷம் அரசாங்கத்து ஆளுங்க வந்து எல்லாத்தையும் மாத்திட்டாங்க. புது நர்ஸுங்க. இப்ப என் பக்கத்து அறை பியூலா முழிச்சுக்கிட்டா. முழிச்சவ சும்மா இருக்காளா? தினமும் சீட்டுல என்னைத் தோற்கடிக்கிறா. அவ தூங்கிட்டிருந்தப்போ நான்தான் அங்க ராணி.”

வெர்னல் சிரித்தாள். அவ்வளவு நாள் கழித்து அவள் வாய்விட்டுச் சிரித்ததில் காவலாளியே திரும்பிப் பார்த்தார்.

“எத்தனை பேர் முழிச்சிருக்காங்கம்மா?”

“என் மாடியில எல்லாரும்தான். சாப்பாட்டு நேரத்துல ஒரே கூச்சல். ஏன் கேக்கிறீங்க?”

“ஒண்ணுமில்லை” என்றாள் வெர்னல். “கேட்க நல்லா இருந்தது.”

தரைத்தளம் வந்தது. காவலாளிக்கு வாக்கி-டாக்கியில் அழைப்பு வர, “நான் தள்றேன், நீங்க போங்க” என்று வெர்னல் நாற்காலியின் பிடியை வாங்கிக்கொண்டாள். வெளியே காற்று பலமாக இருந்தது. அத்தையின் சால்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவிட்டு, டெலவேர் இல்லத்து வண்டி வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.