பன்னிரண்டாவது சீட்டு

பசுபதிக்கு மூன்று நாளாக இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறார். வைகைக் கரையோடு கோச்சடை வரை நடக்கிறார், போன வேகத்தில் திரும்பி வருகிறார். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்த மனுஷரை ஒற்றைச் சீட்டு இப்படி ஆட்டிவைக்குமா? ஆட்டிவைத்தது.

1936-இல் மதுரையில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து சம்ஸ்கிருதத்துக்குத் தமிழில் அகராதி போடக் கிளம்பினார்கள். ஒரு சொல்லின் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு சீட்டு. பழைய நூலிலிருந்து ஒரு வரியாவது சாட்சி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு குப்பைக்கு. ஊர் ஊராக வந்து சேரும் சீட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது பசுபதியின் வேலை. தள்ளினால் காரணம் எழுத வேண்டும். அந்த வேலையில் மனுஷர் எமன்! ஒரு புள்ளி தப்பினாலும் விடமாட்டார்.

'ரஸம்' என்ற சொல்லின் கட்டு வந்தது. வேதத்தில் செடியின் சாறு, வைத்திய நூலில் பாதரசம், நாடக நூலில் மனசில் ஊறும் சுவை, உபநிஷத்தில் ஆனந்தம். பதினொரு சீட்டு சுகமாகப் போயிற்று. பன்னிரண்டாவதில் 'கண்ணீர்' என்றிருந்தது. சாட்சி, மேலூர்ப் பக்கத்து ஏடு ஒன்றின் பிரதி. வரியைப் படித்ததும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். அது அவரே எழுதிய வரி.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏட்டைப் பார்த்துப் பிரதி எடுத்தவர் அவர்தான். செல்லரித்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு மேலே போக வேண்டும், அதுதான் முறை. ஆனால் அந்த வாரம்தான் அவருடைய மூன்று வயது மகள் ஸ்யாமளா விஷக்காய்ச்சலில் போயிருந்தாள். அரித்த இடத்தை இவர் யாப்புத் தப்பாமல் சொந்த வரியால் நிரப்பிவைத்தார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஏடு பிறகு மண்ணாகிவிட்டது, பிரதிதான் மிச்சம்.

நாலாம் நாள் காலையில் அகராதி வேலையை நடத்திய சொக்கநாதனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"சாமி, யாருக்குத் தெரியப்போகுது? கையெழுத்தப் போட்டுட்டுப் பேசாம இருங்க."

"பின்னாடி ஒருத்தன் இதையே சாட்சியா வெச்சு இன்னொண்ணு எழுதுவான். வேண்டாம்."

"அப்ப நீங்க எடுத்த பிரதி அம்புட்டையும் தள்ளணும். உங்களையும் நிறுத்தியாகணும். யோசிச்சுக்குங்க."

"நிறுத்துங்கோ. அந்தச் சீட்டை மட்டும் எனக்குக் குடுங்கோ."

வீட்டில் மனைவி ஜானு தட்டுப் போட்டுக் காத்திருந்தாள். "ஏன்னா, இன்னிக்காவது சாப்பிடுவேளா?"

சீட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். வேலை போனதை அவள் காதில் வாங்கினதாகவே தெரியவில்லை.

"அந்த வரிக்கு என்ன அர்த்தம்?"

"விளையாடின முற்றம் காஞ்சு போச்சு, அப்பன் கண்ணுல மட்டும் ரஸம் வத்தலைன்னு..."

ஜானு சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குழந்தையத் தூக்கிண்டு போனப்போ நீங்க ஒரு சொட்டு அழலை. கல்லுன்னு நெனச்சு பதினெட்டு வருஷமா உள்ளுக்குள்ள உங்களை வெறுத்திண்டிருந்தேன். ஊர் ஏட்டுல எழுதத் தெரிஞ்சுதே, எங்கிட்ட வந்து அழத் தெரியலையா?"

பசுபதி அந்தத் தட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்து குழந்தைபோல அழுதார்.