படவேட்டு அம்மனுக்கு முடிந்த காசு

இரண்டாவது முறை நான் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் கணவர் தறியை நிறுத்திவிட்டுப் போய் இனிப்பு வாங்கி வந்தார். நான் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயம். வேறொன்றும் இல்லை.

நாங்கள் சேவூரில் பட்டு நெய்கிற குடும்பம். மூத்தவன் பிறந்தபோது வயிற்றுக்குள் தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அந்த ஆபரேஷன் இல்லையென்றால் இன்று என் மகன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவனை என் மாமியார் பார்த்தார், நாத்தனார் பார்த்தார், ஆட்டோக்காரர்கூடப் பார்த்தார். மயக்கம் தெளிந்து நான் பார்த்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பெற்றவள்தான் கடைசி. பிறகு பல வாரம் குழித்தறியில் இறங்கி உட்கார முடியவில்லை. அழுகிற பிள்ளையைக் குனிந்து தூக்க முடியவில்லை. அந்த நாட்களை நினைத்தால் தையல் போட்ட இடம் இப்போதும் கூசும்.

அதனால் இரண்டாவதையாவது சுகப்பிரசவமாகப் பெற வேண்டும் என்று ஆசை. ஆனால் வாயைத் திறந்து சொன்னால் போதும், தெருவே டாக்டராகிவிடும். "தையல் பிரிஞ்சிடும்மா, ரெண்டு உசுரும் போயிடும்" என்றார் தண்ணீர் பிடிக்க வந்த ஓர் அக்கா. பெரணமல்லூரிலிருந்து என் அம்மா போன் செய்யும்போதெல்லாம் அழுதாள். என் மாமியார் அழவில்லை. நேராக ஜோசியரிடம் போய் நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். ஐப்பசியில் ஒரு புதன்கிழமை, ரோகிணி நட்சத்திரம்.

"நாளும் நேரமும் நம்ம கையிலயே கீது. ஜம்முனு ஆபரேஷன் பண்ணிக்கினு வந்துடலாம். இன்னாத்துக்கு வேண்டாத பேஜாரு?" என்றார்.

"கொஞ்சம் யோசிக்கலாம் அத்தை" என்றேன்.

"யோசிச்சிக்கினே இரு. புள்ள உன்ன கேட்டுக்கினா வரும்?"

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னை என் கணவர் அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா பழைய ஆபரேஷன் விவரத்தையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தே பேசினார், என் கணவரைப் பார்த்து இல்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"போன தடவை ஆபரேஷன் பண்ண காரணம் இந்தத் தடவை இல்லைம்மா. இப்போதைக்குக் குழந்தை தலை கீழதான் இருக்கு, கடைசி மாசம் மறுபடி பாத்துக்கலாம். வெட்டின இடமும் கீழ, குறுக்கால. நடுவுல நல்ல இடைவெளியும் இருக்கு. நீங்க முயற்சி பண்ணலாம். ஆனா பழைய தழும்பு பிரியற ஆபத்து கொஞ்சம் இருக்கு. அபூர்வம்தான், ஆனா நடந்தா பெரிய ஆபத்து. அதனால வலி எடுத்த உடனே இங்க வந்துடணும். குழந்தையோட இதயத்துடிப்பப் பாத்துக்கிட்டே இருப்போம். ஆபரேஷன் தியேட்டர் தயாரா இருக்கும். போகணும்னு நான் சொன்னா நீங்க மறுபேச்சு பேசக் கூடாது. திரும்ப ஆபரேஷன்தான் வேணும்னாலும் அதுவும் சரிதான். முடிவு நீங்க எடுங்க."

முடிவு நீங்கள் எடுங்கள் என்று அதுவரை யாருமே என்னிடம் சொன்னதில்லை. கல்யாணப் புடவையின் நிறம்கூட என்னைக் கேட்டு எடுக்கவில்லை. திடீரென்று இரண்டு உயிரைக் கையில் கொடுத்து முடிவெடு என்றால் எப்படி இருக்கும்? பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன்.

அது ஆடி மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். அன்று எத்தனை கூட்டம்! வேப்பிலை வாசனையும் மஞ்சள் புடவைகளும் பொங்கல் வைக்கிற புகையும் இன்றைக்கும் கண்ணை மூடினால் வந்துவிடும். சந்நிதியில் நின்று, "தாயே, நீயும் பெற்றவள்தானே. சுகப்பிரசவம் கொடு என்று கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. எது சரியோ அதைச் செய்கிற தைரியத்தைக் கொடு. என் பிள்ளையை இந்தத் தடவை நான் முதலில் பார்க்க வேண்டும்" என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து சாமி அலமாரியில் வைத்தேன். வேண்டியது நடந்த பிறகுதான் அதைக் கோயிலில் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். அதுவரை அவிழ்க்கக் கூடாது.

எந்தக் குரலும் கேட்கவில்லை, கனவும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்தபோது மனசு தெளிவாக இருந்தது. "வலி வரட்டும், போகலாம். ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் அதுவும் அம்மன் சொன்னது" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். மாமியார் அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது. கீரையும் பாலும் முன்பைவிட அதிகமாகவே வந்தன. கோபத்தில் இப்படிப் பரிமாறுகிற பெண்மணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த மாதங்கள் இப்போது எவ்வளவு இனிப்பாகத் தெரிகின்றன! காலையில் வயல் ஓரமாக நடப்பேன். மூத்தவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா தூங்குதாம்மா?" என்று வயிற்றில் காது வைப்பான். அப்போது பயந்துகொண்டே வாழ்ந்த நாட்கள்தான். திரும்பக் கிடைக்காதா என்று இன்று இருக்கிறது.

ஐப்பசி பிறந்தது. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவு இழைகள் முடிந்து புதுப் பாவு வந்தது. பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். பிணைப்பது என்போம். ஆயிரக்கணக்கான இழைகள், எங்கள் வீட்டில் அது பெண்கள் வேலை. நானும் மாமியாரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பேசாமலே பாதிவரை பிணைத்திருந்தோம். ஜோசியர் குறித்த புதனுக்கு முந்தைய ஞாயிறு காலை, இழையை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் வலி பிடித்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "டேய், காரக் கூப்புட்றா, ஜல்தி!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

மூத்தவனை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் என் கணவரும் வேலூர் போய்ச் சேர்ந்தோம். வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மதியம் தாண்டியது. வலி வந்தது, ஆனால் குழந்தை கீழே நகரவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாக்கறேன்மா. குழந்தை நல்லா இருக்கு. இல்லன்னா தியேட்டர்தான்" என்றார் டாக்டரம்மா. என் கணவர் வெளியே போய் வீட்டுக்குப் போன் செய்து, "இன்னும் ஆவலம்மா" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் என் பிடிவாதம் உடைந்தது. "தாயே, முதலில் பார்க்க வேண்டும் என்றுகூட இனிக் கேட்க மாட்டேன். கடைசியில் பார்த்தாலும் பரவாயில்லை. உயிரோடு கொடு" என்று அழுதேன். உண்மையாகவே விட்டுவிட்டேன். தியேட்டர் என்றால் தியேட்டர்.

சாயங்காலம் மழை பிடித்தது. அதோடு வலியும் பிடித்தது. இருட்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்தாள். துடைக்கக்கூட இல்லை, அப்படியே என் மார்பில் போட்டார்கள். கண்ணை விழித்து என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் அவளை முதலில் பார்த்தது நான்தான். சிரித்தேனா அழுதேனா, தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் ஆரத்தி சுற்றினார். உள்ளே போனால், வீடு திருடன் புகுந்த மாதிரி இருந்தது. பெட்டி, பீரோ எல்லாம் திறந்து கிடந்தன. துணி காயப்போடும் கொடியைக் காணோம். என் கணவர் தறியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் பிணைத்திருந்த பாதிப் பாவும் வெட்டப்பட்டு, இழைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"யாரும்மா இந்த வேல பண்ணது?" என்றார்.

"நான்தான்" என்றார் மாமியார். "வூட்ல கட்டு இருந்தா புள்ளைக்கு வழி வுடாதுன்னு எங்கம்மா சொல்லும். போன்ல நீ இன்னும் ஆவலன்ன. பூட்டெல்லாம் தொறந்தேன், கொடிய அவுத்தேன், ஜடையக்கூட அவுத்துப் போட்டேன். திரும்பிப் பாத்தா இது நிக்குது, இத்தினி பிணைப்போட. உக்காந்து பிரிக்க நேரம் கீதா? கத்திரிக்கோல எடுத்தேன். பாவு போனா போவுது. அவ வந்தா போதும்னு வெட்டிட்டேன்."

நெசவுக்காரர் வீட்டில் பிறந்து நெசவுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர் அவர். அறுந்த ஓர் இழைக்கே நாளெல்லாம் புலம்புகிறவர். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரித்தார். நான் சாமி அலமாரியைப் பார்த்தேன். என் மஞ்சள் முடிச்சு வைத்தது வைத்தபடி இருந்தது.

"இத மட்டும் ஏன் அத்தை அவுக்கல?" என்று கேட்டேன்.

"அது நீ ஆத்தாக்கிட்ட முடிஞ்சது. அத நான் தொடலாமா?" என்றார். குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நட்சத்திரம் என்னவென்று கேட்கவே இல்லை.

நான் பால் கொடுத்துக்கொண்டு கிடந்த நாட்களில், வெட்டிய பாவு முழுவதையும் அவர் ஒருவரே உட்கார்ந்து மறுபடி பிணைத்தார். மூன்றாம் மாதம் எல்லோரும் படவேட்டுக்குப் போய்க் காசைச் செலுத்தினோம். குழந்தைக்கு அந்த அம்மன் பெயரையே, ரேணுகா என்று வைத்தோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் மாமியார் அவளுக்கு ஜடை பின்னும்போது இழுத்து இறுக்கிக் கட்டுவார். நான் சிரிப்பேன். "இன்னா இளிப்பு?" என்பார்.

என்னைப் போல ஆபரேஷனுக்குப் பிறகு அடுத்த குழந்தைக்குப் பயந்துகொண்டிருக்கிற தங்கச்சிகளே, எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் உடம்பு வேறு. நல்ல டாக்டரிடம் எல்லாவற்றையும் கேளுங்கள், வசதியுள்ள ஆஸ்பத்திரியில் பெறுங்கள், மறுபடி ஆபரேஷன் என்றாலும் கலங்காதீர்கள். முடிவை நீங்களே எடுங்கள், எடுத்த பிறகு அம்மன் காலடியில் வையுங்கள். அவள் எந்த வழியில் வருவாள் என்று நமக்குத் தெரியாது. நான் சந்நிதியில் நின்று கேட்ட தாய், என்னிடம் பேசாமல் என் எதிரே உட்கார்ந்து இழை முறுக்கிக்கொண்டிருந்தாள்.