மூழ்கும் தீவுக்கு நூற்றிருபது கல்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு நிலம் செய்வது என் வேலை. பூதங்களையும் வாள்களையும் வேறு ஆட்கள் செய்வார்கள். மலை, மணல், பாறை எல்லாம் என் பாடு. பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கடல் செய்கிற கூட்டத்தில், கடலோரத்தில் வளர்ந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

மாயத் தீவுகள் சில வேண்டும் என்றார் எங்கள் மேலாளர். மற்றவர்கள் மேகத்தை இடிக்கும் கருங்கல் தீவுகளை வரைந்து வந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் ராமேஸ்வரம் பக்கத்துத் தீவுகள் இப்படி இருக்காது என்றேன். அடியில் இருப்பது முருகைக்கல், பவளப்பூச்சிகள் கட்டிய திட்டு. அது அலையை உடைத்துவிடுவதால்தான் மேலே மணல் தங்குகிறது. கல்லைப் பெயர்த்துவிட்டால் மணல் கரையும், பிறகு தீவே இருக்காது. மேலாளருக்கு இது பிடித்துப்போனது. ஆடுகிறவன் வீடு கட்டக் கல்லெடுக்க எடுக்கத் தீவு மூழ்கட்டும் என்றார். செய்தேன். கல்லுக்கு எங்கள் வீட்டுச் சுவரையே, பூச்சு உதிர்ந்த இடத்தில் போட்டோ எடுத்துப் பயன்படுத்தினேன்.

அந்தச் சுவர் அப்பா எடுத்த கல். முருகைக்கல் எடுக்கத் தடை வருவதற்கு முன் அவரும் சித்தப்பாவும் ஊருக்கு எதிரே இருந்த ஒரு தீவுக்கு வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்து வருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது போக மீதியில் எங்கள் வீடு எழுந்தது. கச்சான் என்கிற மேல்காற்று கிளம்பினால் எங்கள் ஆட்கள் அந்தத் தீவின் மறைவில்தான் நங்கூரம் போடுவார்கள். தீவு தேய்ந்து வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பழகிய கை அந்தப் பக்கமே சுக்கானைத் திருப்பும். ஒரு நாள் காற்று மழைக்குள் சித்தப்பா அங்கே ஒதுங்கப் போனார். மறைப்பதற்குத் தீவு இல்லை. வள்ளம் கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடல் ஒதுங்கியது. காற்று கொண்டுபோய்விட்டது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். கல்லைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் விளையாட்டைக் காட்டினேன். பாராட்டு வாங்கும் ஆசைதான். அவர் மனம் என்ன பாடுபடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

பூதத்தை அடிக்கச் சொன்னேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. தீவோரம் வள்ளத்தை நிறுத்திவிட்டுக் கல்லைப் பெயர்க்க ஆரம்பித்தார். அது நம் சுவர் என்று கண்டுபிடித்து லேசாகச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் மணல் சரிந்தது. தீவு தண்ணீருக்குள் போனது. அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

"எத்தன கல்லுக்கு முங்குது?"

"நூத்தியிருவதுப்பா."

அதற்கு மேல் வைத்தால் ஆடுகிறவர்களுக்கு அலுத்துவிடும் என்று நானே வைத்த கணக்கு அது.

"ஒரு நடைக்கே அம்புட்டு ஏத்துவோமே" என்றார். பிறகு, "ஒஞ் சித்தப்பன் வேணாம்ணே, வேணாம்ணேன்னுதான் சொன்னான். நாந்தான் இழுத்துக்கிட்டுப் போனேன்" என்றார்.

விளையாட்டுத்தானே என்று என்னவோ உளறினேன். இதை வெளியூர்க்காரர்களும் விளையாடுவார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்த முங்குறத மட்டும் எடுத்துரும்மா."

சரிப்பா என்றேன். அதற்கு அடுத்த வாரம் பெங்களூர் திரும்பினேன். எடுக்கவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டியது அந்த மூழ்குதலுக்காகத்தான்.