கையெழுத்து இல்லாத சம்மதம்

கல்லூரி மாணவர்களுக்காக நான் எழுதிய அரசியல் தத்துவக் கையேடு திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் பைண்டிங்குக்கு வந்திருந்தது. பார்க்கப் போனேன். பாரம் மடித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள்தான். பதினாறு பக்கம் அடித்த பெரிய தாள்தான் ஒரு பாரம்; அதை மடித்து முடித்ததும், மேலே தெரிகிற வரியை உதடு அசையப் படித்துவிட்டுத்தான் அடுக்கில் வைப்பார்.

"சமூக ஒப்பந்தம்னு போட்டிருக்கீகளே சார், அதுல யாரு கையெழுத்துப் போட்டாக?"

"யாரும் போடலக்கா. ஒரு நாட்டு ரோட்டுல நடந்தாலே அந்த அரசாங்கத்துக்குச் சம்மதிச்ச மாதிரின்னு ஒரு வெள்ளைக்கார அறிஞர் சொன்னார்."

அவர் கை நின்றது. "பட்டாசு கம்பெனியில எங்க ரூம் வெடிச்சப்பவும் இதத்தான் சொன்னாக. தெரிஞ்சுதான வேலைக்கு வந்தீக, அப்பச் சம்மதந்தானன்னு. வராம எங்கன போக?"

போக்கிடம் இல்லாதவன் இருந்துவிடுவது எப்படிச் சம்மதமாகும் என்று இன்னோர் அறிஞரும் கேட்டிருக்கிறார். அதை ஒன்றரைப் பக்கம் எழுதியும் இருந்தேன். அதற்காக மட்டும் இன்னொரு பாரம் அடிக்க வேண்டும் என்றார்கள் அச்சகத்தில். பரீட்சைக்கு வராத பகுதிதானே என்று நானே அதை வெட்டிவிட்டேன்.

"இத எதுத்து யாராச்சும் எழுதாமலா இருப்பாக? அடுத்த பாரத்துல வரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்த தாளை இழுத்தார். மடித்தார். மேல் வரியைப் படித்தார். அடுக்கில் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார்.

கடைசிப் பாரம் வரை நான் அங்கே நிற்கவில்லை.