இரண்டு மணி அடித்த நடுவர்

பெங்களூர் ஒக்கலிபுரம் நாராயணசாமிக்குப் பேச்சுக் கேட்கிற பைத்தியம். பேசுகிற பைத்தியம் ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு, அவர்களுக்கு மாலை போட்டு மேடையும் கொடுப்பார்கள். கேட்கிற பைத்தியத்துக்குக் கடைசி பெஞ்சுதான். வாரமெல்லாம் மெஜஸ்டிக்குக்கும் லிங்கராஜபுரத்துக்கும் நடுவே சிட்டி பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டே போய் வருகிற மனிதர், லீவு நாளிலாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமோ? மாட்டார். எங்கே பட்டிமன்றம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சொற்போட்டி என்று விசாரித்துப் போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார்.

தொண்ணூற்றொன்று கடைசியில் ஊரில் காவிரிக் கலவரம் நடந்ததற்கு அப்புறம், பெங்களூரில் தமிழில் மைக் பிடிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நாராயணசாமியின் ஞாயிற்றுக்கிழமைகள் சப்பென்று ஆகிவிட்டன. சில வருடங்கள் கழித்து, பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சத்தம் வெளியே போகாதபடி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மாணவர் விவாதப் போட்டியை மறுபடி ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் சாந்தகுமாரி டீச்சர். அவர் தினமும் நாராயணசாமியின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார்.

ஒருநாள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒருவர் துண்டு போட்டு வைத்தவர், இன்னொருவர் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தவர். நாராயணசாமி டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, முதலில் ஒருவரை முழுக்கப் பேசவிட்டார், பிறகு மற்றவரை முழுக்கப் பேசவிட்டார். நடுவில் வாய் திறந்தவர்களைக் கையமர்த்தினார். கடைசியில், பாதி தூரம் ஒருவர், பாதி தூரம் மற்றவர் என்று தீர்ப்புச் சொன்னார். இருவரும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறங்கும்போது கேட்டார். "ஏங்க நாராயணசாமி, ஞாயித்துக்கெழமை நம்ம போட்டிக்கு ஜட்ஜா வர்றீங்களா? சம்பளம் கிம்பளம் ஒண்ணும் கெடையாது. ஒரு காபி, ரெண்டு பிஸ்கெட்."

"நானா? டீச்சர், நான் பத்தாங்கிளாசு."

"பேசப் போறதும் பத்தாங்கிளாசுதான். வாங்க."

வீட்டில் மனைவி யசோதா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சிரித்தாள். "இன்னா ஜட்ஜய்யா, இந்த வூட்ல ஒரு நாளாச்சும் என் பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கியா?"

அப்படித்தான் தொடங்கியது. அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அவர் நடுவராக இருந்தார். ஆனால் முதல் நாளே அந்தப் பதவிக்கு ஆபத்து வந்தது. பதவி போனால் போகட்டும், மானமே போகப் பார்த்தது.

நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் வெங்கடசுப்ரமணியன், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், சிரிப்பதற்கும் விதிமுறை பார்க்கிற ஆசாமி. அடுத்தவர் டீச்சர். மூன்றாவது நம் நாராயணசாமி. புதிதாக வருகிற நடுவர் கையில் மேசை மணியைக் கொடுப்பது அங்கே வழக்கம். வெங்கடசுப்ரமணியன் மணியை அவர் பக்கம் நகர்த்தி, விதியைச் சொன்னார். ஒரு மணி அடித்தால், 'இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது, பேசலாம்'. இரண்டு மணி அடித்தால், 'போதும், இறங்கு'. இரண்டாவது மணிக்கப்புறம் ஒரு வார்த்தை பேசினாலும் போட்டியை விட்டு வெளியேதான்.

நாராயணசாமி தயங்கித் தயங்கி மணியை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் இது தலைகீழ். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு விசில் ஊதினால் கிளம்பும். இருபது வருடமாக அவர் உடம்பில் ஊறிப்போன கணக்கு அது. "ஒண்ணுன்னா போ, ரெண்டுன்னா நில்லு" என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு, கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் முதல் நாலைந்து பேரை எப்படியோ ஒப்பேற்றினார். பேச்சை எங்கே கேட்டார்? பாவம், மணிக்கே காவல் இருந்தார்.

தலைப்பு, 'நகரத்துக்கு ஏற்றது பஸ்ஸா, சொந்த வண்டியா?' சொந்த வண்டி கட்சியில் லிங்கராஜபுரத்திலிருந்து வந்த மமதா என்ற பெண் எழுந்தாள். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத குரல். அவளுடைய அப்பா அசோகன், ஸ்கூட்டர் மெக்கானிக், கிரீஸ் போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"நடுவர் அவர்களே! பஸ் வருகிறது, ஆனால் நிறுத்தத்தில் நிற்கிறதா? இல்லை! நூறடி தள்ளி நிற்கிறது. நாம் ஓட வேண்டும். ஓடிப்போய் ஏறினால், கண்டக்டர் நம்மை மனிதர்களாகப் பார்க்கிறாரா? இல்லை! மூட்டையாகப் பார்க்கிறார்!"

ஹால் கைதட்டியது. நாராயணசாமிக்குச் சுருக்கென்று குத்தியது. காது மடல் சூடாகிவிட்டது. மூட்டையா? எந்த மூட்டைக்கு இவர் கைகொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார்?

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. சிவாஜிநகரில் ஒரு சாயங்கால பஸ்ஸை அப்படியே மேடைக்கு ஓட்டிவந்து நிறுத்திவிட்டாள். "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்று, முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் விரட்டுகிற கண்டக்டர் மாதிரியே கத்தினாள். கூடைக்காரி ஏறுகிறாள், காலேஜ் பையன் படியில் தொங்குகிறான், உள்ளே குழந்தை வீரிட்டு அழுகிறது, பின்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடிக்கின்றன, வண்டி மட்டும் நகரவே இல்லை. நாராயணசாமிக்குக் கடிகாரம் மறந்தது, குத்தல் மறந்தது, நடுவர் மேசையே மறந்துபோனது. வியர்வை நாற்றம்கூட மூக்கில் ஏறியது. எல்லாரும் ஏறியாச்சு, இன்னும் ஏன் நிற்கிறது?

டிங், டிங்.

மமதா பாதி வாக்கியத்தில் நின்றாள். இன்னும் அவளுக்குப் பாதி நேரம் பாக்கி. அது அவளுக்குத் தெரியாது. ஒழுங்காக வளர்க்கப்பட்ட பிள்ளை, விதியை மதித்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, முகம் வெளிறிப்போய் இறங்கினாள்.

பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"சார், நேரம் ஆகலயே!" அசோகன் எழுந்து நின்றுவிட்டார். "நானும் வாட்ச் பாத்துக்கினுதான் இருக்கேன். கண்டக்டர பத்தி பேசுச்சுன்னு மணி அடிச்சு எறக்கிட்டாரு. எனக்கு அவரத் தெரியாதா? நம்ம ரூட்டு கண்டக்டருதானே! கொழந்தப் புள்ளகிட்டயா சார் கோவத்தக் காட்றது?"

ஹால் முழுக்க அசோகனைத் திரும்பிப் பார்த்தது. வெங்கடசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாராயணசாமியைப் பார்த்தார். "நேரம் ஆகவில்லை என்பது சரிதான். ஏன் அடித்தீர்கள்?"

நாராயணசாமி கடிகாரத்தைப் பார்த்தார். ஏன் அடித்தோம்? அவருக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூட்டை என்று சொன்னபோது கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபம்தான் கைக்குள் போய் ஒளிந்துகொண்டு, சமயம் பார்த்து ஒரு பெண்பிள்ளையின் வாயை அடைத்துவிட்டதோ? பஸ்ஸில் நியாயம் பேசிய ஆள் உள்ளுக்குள் இவ்வளவு அற்பன்தானா? மணியைத் தொடவே கை கூசியது. எழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், இனி கடைசி பெஞ்சுக்குக்கூட வர வேண்டாம் என்று நினைத்தார்.

எழுந்தும் விட்டார். அப்போதுதான் காதுக்குள் அந்த மணிச் சத்தம் திரும்ப ஒலித்தது. டீச்சரைப் பார்த்துத் திரும்பினார்.

"டீச்சர், நான் எத்தன அடிச்சேன்?"

"ரெண்டு. அதனாலதானே அவ எறங்கினா?"

"நல்லா ஞாபகம் இருக்கா? ரெண்டுதானா?"

"ரெண்டேதான்."

நெஞ்சிலிருந்து பாறாங்கல்லைத் தூக்கி எறிந்தது போல இருந்தது. நாராயணசாமிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, பின்வரிசையைப் பார்த்தே பேசினார்.

"அண்ணே, நீங்க நம்ம பஸ்ல வர்றவரு. நீங்களே சொல்லுங்க. எனக்குக் கோவம் வந்து ஒரு ஆள எறக்கணும்னா எத்தன விசில் ஊதுவேன்?"

"ஒண்ணு." அசோகன் யோசிக்காமலே சொன்னார். "ஹோல்டான்னு கத்திட்டு ஒண்ணு ஊதுவீங்க."

"ரெண்டு ஊதுனா?"

 அசோகன் முகத்திலிருந்த இறுக்கம் மெதுவாகத் தளர்ந்தது. "ரெண்டு ஊதுனா... ரைட்டு. வண்டி கெளம்பும்."

"அவ்ளோதாண்ணே! உங்க பொண்ணு பஸ்ஸ கொண்டாந்து என் எதுர்ல நிறுத்திடுச்சு. நான் ஜட்ஜுன்றதே மறந்துபோச்சு. கூட்டம் ஏறிடுச்சு, கொழந்த அழுவுது, வண்டி நகரல. என் கை தன்னால ரைட் குடுத்துடுச்சு. எறக்கணும்னு அடிக்கலண்ணே. தப்பு என்னுதுதான், ஆனா கோவம் இல்ல."

ஹாலில் இருந்த அத்தனை பேரும் தினம் பஸ்ஸில் நசுங்குகிறவர்கள். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பியது, அப்புறம் கூரை அதிர்ந்தது. மமதா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். வெங்கடசுப்ரமணியன்கூட கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பாக்கி நேரத்தை அந்தப் பெண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை.

மமதா மைக்கைப் பிடித்தாள். பின்வரிசையிலிருந்து அசோகனே உரக்கக் குரல் கொடுத்தார். "ரைட், ரைட்!"

அவள் விட்ட இடத்திலிருந்து பஸ்ஸை எடுத்தாள். மணிக்குக் காவல் இருக்கிற வேலை போய்விட்டதால், நாராயணசாமி முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் பேச்சுக் கேட்டார். அவள் கண்டக்டர்களை இன்னும் இரண்டு மடங்கு திட்டினாள். அவர் மனசார நல்ல மதிப்பெண் போட்டார். முதல் பரிசு பஸ் கட்சியில் பேசிய ஒருவருக்குத்தான் போனது. மமதாவுக்கு இரண்டாம் இடம். வாசலில் அசோகன் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த போட்டிக்கும் வரச் சொல்லி டீச்சர் அங்கேயே தேதியைச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே யசோதா கேட்டாள். "இன்னா ஜட்ஜய்யா, யாருக்குத் தீர்ப்பு?"

நாராயணசாமி சட்டையைக் கழற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னார். "ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகமாயிடுச்சு யசோதா. கோவத்துலதான் அடிச்சிட்டனோன்னு. மணி ரெண்டா அடிச்சதால தப்பிச்சேன்."

யசோதா சட்டையை வாங்கி ஆணியில் மாட்டினாள். "இதுக்கு மணி எதுக்கு? என்னக் கேட்டிருந்தா, நீ அப்படிச் செய்யற ஆளு இல்லைன்னு அப்பவே சொல்லியிருப்பேன்."